புறப்படுமுன்: பாலாற்று வெள்ளத்தில் படகும் மீட்புக் குழுவும்

ஆறு வறண்டிருக்கும் நாளே வேலை நாள்

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, புல்லூர் தடுப்பணையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், இராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களை ஒட்டியே ஓடி, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்று சொன்னாலும் ஆண்டின் பெரும்பகுதி அதில் நீர் இருப்பதில்லை. மணலும், மணல் அள்ளிய பள்ளங்களும், சீமைக்கருவேலம் புதரும்தான் இருக்கின்றன. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிலும் படகில் ஏறாதவர்களே மிகுதி. ஏலகிரி மலையில் உள்ள ஏரியில் உல்லாசப் படகு ஏறியதுதான் பலருக்கும் படகைப் பற்றிய முழு அனுபவம். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இந்த நிலைமையிலிருந்தே பிறக்கிறது. கடலோர மீனவருக்குப் படகுப் பாதுகாப்பு அன்றாடப் பழக்கமாகக் கையில் ஊறியிருக்கிறது. எஞ்சின் சத்தம் சற்று மாறினாலே அவர் காது கண்டுபிடித்துவிடும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை அவர் கால் சொல்லும். அந்தப் பழக்கம் நமக்கு வாய்க்கவில்லை, வாய்க்கப்போவதும் இல்லை. பழக்கம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்யக்கூடியவை இரண்டே: எழுதிவைத்த ஒழுங்கு, அதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்த ஒத்திகை. இரண்டையும் ஆறு வறண்டிருக்கும்போதுதான் செய்ய முடியும்.

வறண்ட ஆறு என்பதால் வெள்ளம் அரிது என்று எண்ணிவிடக் கூடாது. 1903 நவம்பர் 12 அன்று வந்த பெருவெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடி ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. அது பழங்கதை என்பவர்களுக்கு அண்மைக்கால உதாரணங்களும் உண்டு. 2020 நவம்பரில் நிவர் புயலை ஒட்டிப் பாலாற்றிலும் அதன் துணையாறான பொன்னையாற்றிலும் வெள்ளம் ஓடியது. அடுத்த ஆண்டே, 2021 நவம்பரில், அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. பாலாற்றின் குணம் வேறு: காவிரிபோல ஒரு பெரிய அணை அதன் வரத்தைக் கட்டிவைத்து அளந்து விடுவதில்லை. மேலே தடுப்பணைகள் நிரம்பி வழிந்தாலோ, மோர்தானா அணை நிரம்பித் துணையாறான கவுண்டன்யாவில் நீர் திரும்பினாலோ, மலட்டாறு பெருக்கெடுத்தாலோ, மணலாகக் கிடந்த இடம் சில மணி நேரத்தில் கரைபுரளும் ஆறாகிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் படகைத் தேடி எடுத்து, காற்றடித்து, ஆள் சேர்த்து, எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க நினைப்பவர்கள் மீட்பவர்களாக இருக்கமாட்டார்கள், மீட்கப்பட வேண்டியவர்களாகிவிடுவார்கள்.

இதை அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் நடந்த படகு விபத்துகளை அடுக்கிப் பார்த்தால் ஒரே பாடம்தான் வருகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா ஹரணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். நான்குமே வெள்ளம் இல்லாத நீரில் நடந்தவை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, மிதவைக் கவசம் போடாதது, தகுதி பார்க்காத படகை நீரில் இறக்கியது என்று இவற்றில் பேசப்பட்ட தவறுகள் ஒவ்வொன்றும் கரையிலேயே செய்யப்பட்டவை. நடு நீரில் நடந்தது அவற்றின் விளைவு மட்டுமே. அமைதியான ஏரியிலேயே கரையில் செய்த பிழை இத்தனை உயிர்களை எடுக்குமென்றால், மரமும் குப்பையும் அடித்துவரும் பாலாற்று வெள்ளத்தில் அதே பிழை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

படகு

எந்தப் படகு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்பு மீட்புப் பணித்துறையும் காற்றடைத்த ரப்பர் படகுகளைப் பயன்படுத்துகின்றன. மடித்து வண்டியில் ஏற்றலாம், எளிதில் மூழ்காது, ஆழம் குறைந்த நீரிலும் போகும். நம் ஆற்றில் அதற்கு ஒரு பெரிய எதிரி இருக்கிறது: சீமைக்கருவேல முள். ஆற்றுப்படுகை முழுவதும் வளர்ந்து நிற்கும் இந்தப் புதர் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, படகின் அடியைக் கிழிக்கும். ஊருக்குள் புகுந்த நீரிலோ இரும்புக் கேட்டின் கூர்முனை, முள்வேலிக் கம்பி, உடைந்த கண்ணாடி ஆகியவை அதே வேலையைச் செய்யும். ஆகவே ஆற்றோரப் புதர்ப் பகுதிக்கு ஃபைபர் அல்லது அலுமினியத் தட்டையடிப் படகு ஏற்றது. தெருக்களுக்கு ரப்பர் படகு ஏற்றது, அதிலும் காற்றறைகள் பலவாகத் தனித்தனியே பிரிந்திருப்பதாக இருக்க வேண்டும். ஒரு அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும் என்பதே அதன் உயிர்நாடி. ஒவ்வொரு அறையையும் தனியாகக் காற்றடித்து, ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுப் பசை உலர்ந்து பிடிக்க நேரமும் ஈரமில்லாத பரப்பும் வேண்டும், மழை நாளில் இரண்டும் கிடைக்காது. வேலூர் வெயிலில் தகரக் கொட்டகையில் கிடக்கும் ரப்பர் வெடிப்பு விடும், மடித்த மடிப்பில் எலி கடிக்கும். இந்தச் சேதம் விரித்துப் பார்க்கும்வரை தெரியாது என்பதால் மாதம் ஒருமுறையாவது விரித்துப் பார்ப்பது கட்டாயம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் கைவிடுவது பெரும்பாலும் அதுதான். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். வழக்கமான அளவு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆனாலும் அந்தந்த எஞ்சினின் கையேடு சொல்வதே இறுதி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலக்கக் கூடாது. எந்த எஞ்சின், எந்தக் கலவை என்பதைக் கேனின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். இருட்டில், மழையில், பதற்றத்தில் இருப்பவர் நினைவை நம்பக் கூடாது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து அடைக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரில் மிஞ்சியதை வடித்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை பெரிய நீர்த்தொட்டியில் எஞ்சினின் அடிப்பகுதியை மூழ்கவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நீரில்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது, குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கை விரைவிலேயே கருகிவிடும். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். அது நின்றால் குளிர்விக்கும் நீர் போகவில்லை என்று பொருள். மணலும் சேறும் கலந்த நம் ஆற்றில் அது அடிக்கடி அடைபடும் என்பதால் ஓட்டுபவர் பயணம் முழுவதும் அந்தத் தாரையின்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஓட்டுபவர் நீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு அவருடைய மணிக்கட்டில் கட்டப்படாமல் படகு கரையைவிட்டு நகரக் கூடாது. மாற்று ஸ்பார்க் பிளக், புரொப்பெல்லருக்கான மாற்றுப் பின், இழுத்துக் கிளப்பும் கயிறு, கருவிகள் ஆகியவை நீர் புகாத ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு புதிதானாலும் துடுப்புகள் படகில் இருந்தே ஆக வேண்டும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதில்தான் இரக்கம் அறிவை வென்றுவிடுகிறது. கூரைமேல் ஏழு பேர் நிற்கும்போது நால்வரை ஏற்றிக்கொண்டு மூவரை விட்டுவர யாருக்கும் மனம் வராது. அந்த மனநிலை வரும் என்பது முன்பே தெரியும், ஆகவே கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். படகில் குறித்திருக்கும் எண்ணிக்கை குழுவினரையும் சேர்த்தது. எட்டுப் பேர் படகில் மூன்று பேர் குழு என்றால் மீட்கப்படுபவருக்கு ஐந்து இடம். ஓடும் நீரில் போகும்போது அதிலும் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள், நனைந்த துணியும் மூட்டையும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட படகின் தளத்தில் பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அது 300 லிட்டர், அதாவது 300 கிலோ. ஐந்து பெரியவர்கள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். அந்த எடை ஓரிடத்தில் உட்கார்ந்தும் இருக்காது, படகு சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும். அதனால் நீர் இறைக்கும் வாளி அற்பமான பொருள் அல்ல, அதைக் கயிறு போட்டுப் படகோடு கட்டிவையுங்கள்.

ஆட்கள்

நன்றாக நீச்சல் தெரிந்த இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களே போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவர்களுடைய துணிவு உண்மையானது, மதிக்கத் தக்கது. ஆனால் கிணற்றிலும் ஏரியிலும் கற்ற நீச்சல் நின்ற நீரின் நீச்சல். ஓடும் நீர் வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் ஆழமே ஆனாலும் வேகமாக ஓடும் நீர் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். அதன் வழியில் பாலத் தூணோ, வேரோடு கிடக்கும் மரமோ இருந்தால் நீர் அதன் ஊடே போய்விடும், மனிதர் அதில் மாட்டி அழுத்தப்படுவார். எனவே குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது நீச்சலை ஒரு தகுதியாக மட்டும் வையுங்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வது, பதறாமல் பேசுவது, "என்னால் முடியவில்லை" என்று நேரத்தில் சொல்வது ஆகிய குணங்கள் அதைவிட மேலானவை.

படகில் மூவர், கரையில் இருவர் என்பது குறைந்தபட்சக் குழு. ஒருவர் ஓட்டுவார், வேறு எதையும் தொடமாட்டார். முன்பக்கம் இருப்பவர் நீரைப் பார்த்து முள், கம்பி, மரம் ஆகியவற்றைக் கையால் சுட்டிக்காட்டுவார். மூன்றாமவர் மக்களை ஏற்றி உட்காரவைப்பார். கரையில் ஒருவர் படகு இருக்கும் இடத்துக்குக் கீழ்நீரோட்டத்தில் மிதவைக் கயிற்றுப் பையோடு நிற்பார். பதினைந்து, இருபது மீட்டர் நீளமுள்ள, நீரில் மிதக்கும் கயிறு அது. படகு கவிழ்ந்தால் மிதந்து வருபவருக்கு அவர்தான் முதல் உதவி. இன்னொருவர் கரைப் பொறுப்பாளர். படகில் போனவர்களின் பெயர், புறப்பட்ட நேரம், திரும்ப வேண்டிய நேரம் மூன்றையும் எழுதிவைத்துக்கொள்வார். குறித்த நேரத்தில் படகு திரும்பாவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும். செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி அணைந்துபோகும், எஞ்சின் இரைச்சலில் கூப்பாடு கேட்காது. ஆகவே விசில் ஒலிக்கும் கைச்சைகைக்கும் பொருள் முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். சைகைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம்: நில், வா, இடம், வலம், ஆபத்து.

மிதவைக் கவசத்தைப் பொறுத்தவரை எந்தச் சலுகையும் இல்லை. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும், மீட்கப்படுபவருக்கும் சேர்த்து, ஒன்று வேண்டும். குழந்தைகளுக்குரிய அளவு தனியாக இருக்க வேண்டும், பெரியவர் கவசம் குழந்தையின் தலைவழியே நழுவிவிடும். கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டை இல்லாவிட்டால் நீரில் விழுந்ததும் கவசம் மேலே ஏறி முகத்தை மூடும். மழைக்கோட்டுக்கு மேலே அதை அணிய வேண்டும், உள்ளே அல்ல. லாரி ட்யூப் மிதக்கும், ஆனால் மயங்கியவரை அது பிடித்துக்கொள்ளாது. லுங்கியும் வேட்டியும் காலில் சுற்றிக்கொள்ளும், முழங்கால்வரை வரும் கம்பூட்ஸில் நீர் நிரம்பிக் கால் கனத்துவிடும். அரைக்கால் சட்டையோ ஒட்டிய முழுக்கால் சட்டையோ, நாடா இறுக்கிய கான்வாஸ் காலணியோ ஏற்றது. மீட்பவர் இடுப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டு அனுப்புவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதைக் கைவிடுங்கள். கயிறு இறுகும்போது ஓடும் நீர் அவரை நீருக்கடியில் அழுத்தி வைக்கும், முடிச்சை அவிழ்க்க முடியாது.

குழுவின் சேர்க்கையிலும் நம் ஊருக்கேற்ற ஒரு கவனம் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. குடியாத்தம் பக்கம் தெலுங்கும் உண்டு. தோல் தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கி வேலை செய்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் அறிவிப்பு புரியாது. ஒவ்வொரு குழுவிலும் உருதுவோ இந்தியோ பேசக்கூடிய ஒருவர் இருந்தால், "மூட்டையை விடுங்கள், குழந்தையை முதலில் கொடுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்கள் ஒரு படகு கவிழாமல் காக்கும். அந்நிய ஆண்கள் தூக்கி ஏற்றத் தயங்கும் பெண்களும் இருப்பார்கள். அந்தத் தயக்கத்தைக் கடிந்து பேசி நேரம் கழிப்பதைவிடப் பயிற்சி பெற்ற பெண் ஒருவரைக் குழுவில் வைத்துக்கொள்வது மரியாதையும் ஆகும், விரைவும் ஆகும்.

தோல் தொழில் ஊர்களின் தனி ஆபத்து

வேறு மாவட்டத்து வெள்ள மீட்புக் கையேட்டை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்த முடியாது. இங்கே வெள்ளம் புகும் இடங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும், அடுத்த கட்டங்களில் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும், பதனிட குரோமியம் உப்பும் பயன்படுகின்றன. சல்ஃபைடும் அமிலமும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும். வாயு மிகும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், வாயு போய்விட்டது என்று எண்ணி உள்ளே நுழைபவர் மயங்கி விழுவார். ஆகவே விதி எளிது: தொழிற்சாலை வளாகத்துக்குள் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் படகைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வெளியேற வேண்டும், மூச்சுக்கருவி உள்ள தீயணைப்புத் துறையினரை அழைக்க வேண்டும். மூழ்கிய வளாகத்துக்குள் நடந்துபோவதும் கூடாது. தரைமட்டத்தில் இருக்கும் தொட்டிகளும் குழிகளும் கலங்கல் நீரில் தெரியாது. மிதந்துவரும் பீப்பாயை யாரும் கையால் தொட வேண்டாம், துடுப்பால் தள்ளினால் போதும்.

கழிவுத் தொட்டிகளைப் பற்றிய எச்சரிக்கைக்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். அன்று வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை. நீர் சூழ்ந்து மண் ஊறிய நாளில் இத்தகைய சுவர்களின் அருகே படகைக் கட்டுவதோ, மக்களை இறக்கிவைப்பதோ எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். எந்தத் தொழிற்சாலையில் என்ன இரசாயனம், எங்கே தொட்டி, எந்தச் சுவர் பழையது, எத்தனை தொழிலாளர் உள்ளே தங்குகிறார்கள் என்ற விவரம் மழைக்கு முன்பே வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டும். இதைத் தருவது தொழிற்சாலை உரிமையாளர்களின் கடமை. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த இந்த ஆற்றின் வழக்கிலேதான். ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அது இருக்கும் இடத்தையாவது சொல்ல வேண்டும் என்று கேட்பது அதைவிடச் சிறிய கோரிக்கை.

வேலை முடிந்த பிறகும் இந்த நீர் விடாது. கைகால் புண்களோடு படகில் ஏறக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மருந்து தேவையா என்று ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிப்பது குழுவினருக்கு, நல்ல நீரில் எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டிக் கழுவுவது படகுக்கு. உப்பும் இரசாயனமும் கலந்த நீர் உள்ளே தங்கினால் அடுத்த வெள்ளத்துக்கு அந்த எஞ்சின் இருக்காது.

போகக் கூடாது என்ற முடிவு

இந்த அத்தியாயத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான். எப்போது படகை இறக்கக் கூடாது என்பதைக் கரையில் நின்று அழுகுரல் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய முடியாது. மழைக்கு முன்பே, குளிர்ந்த மனத்தோடு எழுதி, குழுவினர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தடுப்பணைக்கும் அணைக்கட்டுக்கும் கீழே படகு போகக் கூடாது. வாலாஜா பாலாறு அணைக்கட்டானாலும் சிறு தடுப்பணையானாலும், வழிந்து விழும் நீர் அடியில் சுழன்று மேல்நோக்கித் திரும்பி, அங்கே சிக்கிய படகையும் மனிதரையும் சுவரை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். பார்வைக்கு அமைதியாகத் தெரிவதால் அந்த இடம் இன்னும் கொடியது. முழு மரங்கள் மிதந்துவரும் நேரத்தில் ஆற்றின் நடுவே போகக் கூடாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதாக மின்வாரியத்திடமிருந்து உறுதி வராமல் தெருக்களுக்குள் போகக் கூடாது. பாலத்தின் அடியில் தலை உயரத்துக்கு இடைவெளி இல்லாவிட்டால் போகக் கூடாது. ஓடும் ஆற்றில் இரவில் போகக் கூடாது. முடிவெடுப்பவர் கரைப் பொறுப்பாளர், படகில் ஏறுபவர் அல்லர். ஆனால் படகில் ஏறுபவர் மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் நிற்கும்.

இது கோழைத்தனம் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: மீட்புப் படகு கவிழ்ந்தால் கூரைமேல் இருப்பவர் எண்ணிக்கை குறையாது, நீரில் இருப்பவர் எண்ணிக்கை கூடும். அடுத்து வரும் படகு முதலில் மீட்பவர்களைத்தான் மீட்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த உயிர்களைக் காக்கப் படகால் ஆவது ஒன்றுமில்லை. நீர் வருமுன் பாதுகாப்பான கட்டடத்துக்கு மக்களை நடத்திச் செல்வதே முதல் மீட்பு. அது முடிந்த பின்னும் எஞ்சியிருப்பவர்களுக்கே படகு.

எதிர்வாதங்கள்

உயிர் போகும் நேரத்தில் சரிபார்ப்புக்கு நேரம் எங்கே என்பது முதல் எதிர்ப்பு. இந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் அது இந்த ஒழுங்கை மறுக்கவில்லை, வலியுறுத்துகிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மழைக்கு முன் முடியவேண்டியவை. நீரில் இறக்கும் நேரத்தில் மிஞ்சுவது காற்று, எரிபொருள், பாதுகாப்புக் கயிறு, கவசம், துடுப்பு, பெயர்த்தாள் ஆகிய ஆறு மட்டுமே. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னால் சில நிமிடங்களில் முடியும். அந்த நிமிடங்களை மிச்சப்படுத்தி, நடு ஆற்றில் எஞ்சின் நின்ற பிறகு இழக்கும் நேரத்துக்கு அளவே இல்லை.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் அணி இருக்கும்போது உள்ளூர்க் குழு எதற்கு என்பது இரண்டாவது எதிர்ப்பு. அந்த அணி நம் பகுதியின் பெரும் பேறு. ஆனால் தமிழ்நாட்டோடு கேரளத்துக்கும் போகவேண்டியது அது. வடகிழக்குப் பருவமழையில் சென்னையும் கடலூரும் அழைக்கும் அதே நாளில்தான் ஆம்பூரும் அழைக்கும். அரக்கோணத்திலிருந்து ஆம்பூர் நூறு கிலோமீட்டருக்கு மேல், இடையே சாலையும் மூழ்கியிருக்கலாம். அவர்கள் வந்துசேரும்வரை என்ன செய்வது என்பதே நம் கேள்வி. 2015இல் சென்னையிலும் 2018இல் கேரளத்திலும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து பல்லாயிரம் பேரைக் காத்தார்களே என்றும் சொல்லலாம். உண்மை, அதுவே இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு வலுவான சான்று. அவர்கள் காத்தது வெறும் துணிவால் அல்ல, வாழ்நாள் பழக்கத்தால். அந்தப் பழக்கம் இல்லாத நாம் அவர்களுடைய துணிவை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சிக்கு அவர்களை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும்.

எப்போதோ வரும் வெள்ளத்துக்கு இத்தனை செலவும் உழைப்பும் தகுமா என்பது மூன்றாவது. தீயணைப்பு வண்டியும் பெரும்பாலான நாட்களில் சும்மாதான் நிற்கிறது. அதை யாரும் வீண் என்பதில்லை. நகராட்சி, தொழிற்சாலைகள், கல்லூரிகள் மூன்றும் பங்கிட்டால் ஒரு ஊருக்கு இரண்டு படகும் இருபது பயிற்சி பெற்றவர்களும் எட்டாத இலக்கு அல்ல.

ஆண்டு ஒழுங்கு

ஆனி, ஆடியில் படகை விரித்து, எஞ்சினைப் பிரித்து, பழுதுகளைத் தீருங்கள். ஆவணியில் ஆட்களைத் தேர்ந்து, கயிறு எறிவதையும் கவசம் அணிவதையும் தரையிலேயே பழக்குங்கள். புரட்டாசியில், நீர் இருக்கும் ஆண்டில் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரி ஒன்றில், உரிய அனுமதியோடும் தீயணைப்புத் துறையின் துணையோடும் படகை இறக்கி ஒத்திகை பாருங்கள். வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து நிமிர்த்துவதும் அந்த ஒத்திகையில் சேர வேண்டும். நின்ற நீரில் தேறியவர்கள் அத்தோடு ஓடும் நீருக்குத் தகுதி பெற்றுவிட்டதாக எண்ண வேண்டாம், அந்தப் பயிற்சியை மீட்புப் படையினரிடமே பெறுங்கள். ஐப்பசி பிறக்குமுன் தொழிற்சாலை வரைபடமும், போகக் கூடாத இடங்களின் பட்டியலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, அவசர உதவிக்கான 112, ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய எண்களும் படகுக் கொட்டகையின் சுவரில் இருக்க வேண்டும். பிறகு கார்த்திகை முடியும்வரை நாள்தோறும் ஒருவர் நீர்வளத்துறையிடம் புல்லூர், மோர்தானா நிலவரத்தைக் கேட்டு எழுதிவைக்கட்டும். வெள்ளம் வராமலே ஆண்டு கழிந்தால் உழைப்பு வீணாகிவிட்டதென்று வருந்த வேண்டாம். அதே பட்டியலை எடுத்து, கையெழுத்தைப் புதுப்பித்து, அடுத்த ஆனியில் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.